ஒற்றைக் கொம்பும் ஜேர்மன் கோச்சியும்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
ஏப்ரல் 19

அன்புத் தம்பி நவரட்ணத்துக்கு அக்கா எழுதுவது.

ஜேர்மனியில் உங்கள் ஊரான ஹம் ஸ்ரேசன் மேடையில் வைத்து உன் இராசமணி என்னிடம் கேட்ட கேள்வி உனக்கு நினைவிருக்கிறதா? நான் உங்களிடம் வந்து நின்ற அந்தக் கோடையில் மூன்று பேருமாகக் கொலோன் தேவாலயம் பார்க்கப் புறப்பட்டோம். றெயில் கோச்சி இருபது நிமிடம் பிந்தும் என்று பலகையில் எழுத்து ஓடியது. பிறகு நாற்பது என்றது. பிறகு பலகையிலிருந்து அந்தக் கோச்சியே காணாமல் போய்விட்டது. நீ விசாரிக்கப் போனாய். இராசமணி வாங்கில் அமர்ந்து இடியப்பப் பார்சலை அவிழ்த்து எனக்கும் தந்துவிட்டு, "மச்சாள், இந்த மாதிரிப் பிந்துற கோச்சிய வச்சிக்கி, இவனுகள் எப்படிக்கா முழு உலகத்தோடயும் சண்ட புடிச்சானுகள்?" என்று கேட்டாள்.

நான் ஆயுள் முழுக்க வரலாறு படிப்பித்தவள். எந்தத் திகதியில் எவன் எந்த நாட்டுக்குள் புகுந்தான் என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன். புகுந்தவன் எதில் ஏறிப் போனான், அவனுக்குப் பாண் எதில் போனது, அந்தப் பாண் சுட்ட போறணைக்கு நிலக்கரி எதில் போனது என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று இராசமணிக்குச் சொன்னேன். "வாசிங்க மச்சாள், கோச்சி வாறத்துக்குள்ள முழுப் புத்தகமும் முடிஞ்சிரும்" என்றாள்.

புத்தகம் முடிய இரண்டு வருடம் சென்றுவிட்டது. அதற்குள் அவள் போய்விட்டாள்; அவளுக்குப் பதில் போய்ச் சேரவில்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

இந்தக் குளிர்காலம் முழுவதும் நாசிகளின் காலத்து ஜேர்மன் றெயில்வேயைப் பற்றித்தான் வாசித்தேன். நூலகத்தில் இருக்கும் இளம் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். சேலைக்கு மேலே பனிக் கோட்டும் காலில் பூட்ஸும் போட்ட ஒரு தமிழ்க் கிழவி வாராவாரம் வந்து சுவஸ்திகா அட்டை போட்ட தடித்த புத்தகமாகப் பார்த்து எடுத்துப் போனால் யாருக்கும் யோசனை வரும்தானே? ஒருநாள் மிக மெதுவாக, சமையல் புத்தகங்களும் நிறைய வந்திருக்கின்றன என்று சொன்னாள். பஸ்ஸில் வாசிக்க எனக்கே கூச்சமாகிவிட்டது. தமிழ்க் கடையின் விளம்பரத் தாளால் அட்டை போட்டேன். இப்போது பார்ப்பவர்களுக்கு நான் விளைமீன் மலிவு என்று ஒரு முழுப் புத்தகம் வாசிப்பதுபோல் தெரியும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வருகிற மாதம் எங்கள் முதியோர் சங்கத்தின் அறிவரங்கத்தில் இதைத்தான் பேசப் போகிறேன். அறிவரங்கம் உனக்குத் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். நான் தொடங்கிய அரங்கு. இப்போது அதற்கு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. போன மாதம் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் சூரியக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். வந்திருந்த ஏழு பேரில் இரண்டு பேர் தங்களை ஏற்றிப்போகக் கார் வரும்வரை இருந்தவர்கள். வியாழனுக்குப் போவதற்குள் மற்றவர்கள் நித்திரை.

சங்கத் தலைவர் கந்தப்போடி நல்ல மனிதர், இராசமணியின் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். ஆனால் நிர்வாகக் குழு அவரைப் பிடித்து உலுப்புகிறது. பேர்ணடெற் என்றொரு பெண், பாட்டுப் பெட்டியோடு வந்து முதியவர்களுக்கு லைன் டான்ஸ் பழக்கத் தயாராக இருக்கிறாள். அந்தச் சனிக்கிழமையைத் தன்னிடம் தரும்படி கேட்டிருக்கிறாள். கந்தப்போடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இம்முறை பாதி மண்டபமாவது நிரம்ப வேண்டும், வந்த சனம் தேநீர் வரைக்கும் எழும்பாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் மாதம் முதல் டான்ஸ்தான் என்று சொல்லிவிட்டார். "நான் என்ன செய்ய ரீச்சர், சனத்துக்குக் கால் துடிக்குது" என்றார். எனக்கு முழங்கால் துடிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தலைப்பில்தான் வெற்றி இருக்கிறது என்று தீர்மானித்தேன். புகையிரதம் என்று போட்டால் பாடசாலை மணி அடித்ததுபோல் இருக்கும். அதனால் எல்லோரும் வாயால் சொல்லும் சொல்லையே எடுத்து, 'ஜேர்மனியின் யுத்தகாலக் கோச்சி' என்று ஒரு தாளில் எழுதிக் கந்தப்போடியின் மகள் கோபிகாவிடம் கொடுத்திருக்கிறேன். அறிவித்தல் செய்வது அவள்தான். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். படம் போடுவதில் கெட்டிக்காரி.

உனக்கு ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். ஹிட்லரின் ஆட்கள் சண்டைக்கு முன்பு காசையெல்லாம் பெருந்தெருவிலும் பீரங்கியிலும் கொட்டினார்கள். றெயில்வேக்குப் புது வண்டி வாங்கப் பஞ்சிப்பட்டுப் பின்னடித்தார்கள். சண்டை தொடங்கியதும் லொறிக்கு எண்ணெய் இல்லை, ரயருக்கு றப்பர் இல்லை. எல்லாப் பாரமும் கோச்சியின் தலையில். முதல் குளிர்காலத்திலேயே, சுரங்க வாசலில் நிலக்கரி மலையாகக் குவிந்து கிடக்க, பேர்லினில் சனம் குளிரில் விறைத்தது. ஏற்றுவதற்கு வண்டி இல்லை. அந்த நிலக்கரிப் பாதையின் பெரிய சந்தி எது என்று நினைக்கிறாய்? உன்னுடைய ஹம்தான். நீங்கள் இருவரும் பின்னேரங்களில் போய் நிற்கும் அந்தப் பாலத்தின் கீழே ஓடும் தண்டவாளங்கள். நீ நடுவில் நிற்பாய். இராசமணி வலது கரைக்குப் போய்விடுவாள். அங்கே நின்றால்தான் வண்டிக்குள் இருப்பது தெரியும் என்பாள். இரும்பு என்று நீ சொல்வாய், மரம் என்று அவள் சொல்வாள். மரமாகத்தான் இருக்கும்.

உன் மகள் நிலாணி என்னுடன் கதைத்தாள். "மாமி, அப்பா வெளியிலயே போறாரில்லை, நான் போன் எடுத்தாலும் ஒரு சொல்லிலதான் மறுமொழி" என்றாள். எனக்கு அந்த ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. அதனால்தான் கடிதம். தபால் பெட்டி உங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அல்லவா இருக்கிறது. கடிதம் படி ஏறி வராது; நீதான் இறங்க வேண்டும்.

இறங்கினாய் என்றால் இதை வாசித்துக்கொண்டு நிற்கிறாய். சந்தோஷம். அப்படியே வாசலையும் ஒருக்கால் திறந்து பார். ஏப்ரல் மாதம் அங்கே அழகாக இருக்கும்.

என் பேச்சு நன்றாக நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா ரதி

*

அஜின்கோர்ட், ரொறன்ரோ
மே 18

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. பழியைக் கடலின் அகலத்தில் போட்டுவிட்டேன். ஆனால் நிலாணி வார இறுதியில் உன் வீட்டுக்கு வந்தபோது என் கடிதம் உன் தொலைக்காட்சிக்கு மேல் பிரிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் படி இறங்கியிருக்கிறாய். அக்காவுக்கு அது போதும், இப்போதைக்கு.

நேற்று என் பேச்சு நடந்தது. நீ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்.

பஸ்ஸால் இறங்கினால் சங்க மண்டபத்து வாகனத் தரிப்பிடம் நிறைந்து வழிகிறது. பக்கத்தில் ஏதாவது கலியாணம் என்று நினைத்தேன். உள்ளே போனால் கதிரை போதாமல் மேலதிகக் கதிரை அடுக்குகிறார்கள். மில்லிக்கன், மார்க்கம் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கந்தப்போடி வாசலில் நின்று, "பாத்தீங்களா ரீச்சர், நம்மட சனம் அறிவுக்கு ஆலாப் பறக்கிற பறப்ப?" என்றார். ஜேர்மன் றெயில்வேக்கு எங்கள் ஆட்கள் மத்தியில் இவ்வளவு பசி இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு விசயம் மட்டும் உறுத்தியது. பாதிப் பேரின் மடியில் தயிர் வாளி. வாளிக்குள் மண். மண்ணில் மிளகாய்க் கன்று.

பேச்சாளருக்குப் பூச்செண்டுக்குப் பதிலாக மிளகாய்க் கன்று கொடுப்பது ஏதோ புது வழக்கமாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள். பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கண்டேன். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று ஜேர்மன் கொடி. அதன் குறுக்கே வரிசையாகச் செக்கச் சிவந்த மிளகாய்கள். மேலே கொட்டை எழுத்தில், 'ஜேர்மனியின் யுத்தகாலக் கொச்சி'. கீழே, 'கேள்விகளுக்கு இடமுண்டு'.

ஒற்றைக் கொம்பு, தம்பி! நான் இரட்டைக் கொம்புதான் போட்டேன். என் கை நடுக்கத்தில் அது ஒற்றையாகத் தெரிந்திருக்கிறது. கோபிகா நல்ல பிள்ளை, சந்தேகம் வந்து தகப்பனுக்குப் போன் எடுத்திருக்கிறாள்: "டாட், வட்ஸ் கொச்சி?" கந்தப்போடி அப்போது ஏதோ கடை வரிசையில் நின்றாராம். மிளகாயையே கொச்சி என்று அழைக்கும் மட்டக்களப்பாரிடம் அதைக் கேட்டால் வேறு என்ன சொல்வார்? "கொச்சிக்காய் பிள்ள, வேறென்ன" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வட்ஸ்அப்பில் அது போன வேகத்தில் இரண்டு நகரத்து வீட்டுத் தோட்டக்காரரும் திரண்டு வந்துவிட்டார்கள். கன்று நடுகிற மாதம் வேறு.

எனக்கு முதலில் உன் கலியாண வீடுதான் நினைவுக்கு வந்தது. புதுப் பெண்ணாக வந்த இராசமணி, குழம்புக்குக் கொச்சி காணாது என்று சொல்ல, எங்கள் பெரியப்பா வெளியே போய் ஸ்ரேசன் மாஸ்டரைத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்றாரே! அந்தச் சுவரைப் பார்த்திருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நான் மேடைக்குப் போகும் வழியில் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போனேன். சனம் நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்துக் கை தட்டியது.

பின் கதவடியில் பேர்ணடெற் சில்லு வைத்த பாட்டுப் பெட்டியோடு தயாராக நின்றாள். சனம் எழும்பினால் அவளுடைய முறை. நான் ஒலிவாங்கியைப் பிடித்து, பிழை நடந்துவிட்டது, இது கொச்சி இல்லை, கோச்சி. றெயில் கோச்சி என்று உண்மையைச் சொன்னேன்.

எல்லோரும் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு. பிறகு கதிரைகள் நகரும் சத்தம். முன் வரிசையில் மில்லிக்கன் ஜனார்த்தனன், அந்தப் பகுதியில் மிளகாய்க்குப் பேர்போன மனிதர், இலை தடித்த ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப ரீச்சர், இலை சுருளுறத்துக்கு ஒரு மருந்தும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார். மார்க்கத்து அன்ரனெற், "நான் மகனைக் கெஞ்சிக் கார் எடுப்பிச்சு வந்தனான். உவன் இனி ஆறு மணிக்குத்தான் திரும்பி வருவான். மிளகாய் சொல்லாமல் என்னை அனுப்பேலாது" என்றாள்.

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினால் ஒரு ஆசிரியை என்ன செய்வாள்? சன்னலுக்கு வெளியே இருப்பதையே பாடமாக்குவாள். இருங்கள், மிளகாயிலேயே சொல்கிறேன் என்றேன். ஜனார்த்தனனின் வாளியை வாங்கி மேசையில் வைத்தேன்.

வேரைக் காட்டி, இதுதான் ஜேர்மனியின் ரூர்ப் பகுதி நிலக்கரிச் சுரங்கம் என்றேன். இலையைக் காட்டி, இதெல்லாம் தொழிற்சாலை: ஒன்று பீரங்கி, ஒன்று விமானம், ஒன்று பாண் போறணை. நடுவில் இருக்கும் தண்டுதான் கோச்சி. வேரில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் தண்டு ஏற்றாவிட்டால் இலைக்கு ஒன்றும் இல்லை. ஹிட்லர் இலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான், தண்டை யோசிக்கவில்லை என்றேன். கதிரைச் சத்தம் நின்றது. ரஷ்யாவுக்குள் போனபோது தண்டவாளத்தின் அகலமே வேறு, மாற்றிப் போட வேண்டியிருந்தது. குளிரில் இயந்திரத்துக்கு வெளியே ஓடிய குழாய்கள் உறைந்து வெடித்தன என்று சொன்னேன். "இஞ்ச என்ர தோட்டத்துக் குழாயும் அப்பிடித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சரி, வகுப்பு என் கைக்கு வந்துவிட்டது.

அந்தத் துணிவில்தான் அநியாயம் நடந்தது.

எதிரி விமானங்கள் கடைசியில் இலையை விட்டுவிட்டுத் தண்டில் அடித்தன, உன் ஹம் சந்தியில் திரும்பத் திரும்ப அடித்தன என்று விளக்க வந்தேன். தண்டைக் கொஞ்சம் வளைத்துக் காட்டத்தான் நினைத்தேன். கை வகுப்பறை வேகத்தில் போய்விட்டது. டக் என்று ஒரு சத்தம். மண்டபம் முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. "ஐயோ ரீச்சர்!" என்று ஜனார்த்தனன் எழும்பிவிட்டார். "அது கல்முனைக் கொச்சி ரீச்சர்! அந்த விதைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

தண்டு முறிந்து, ஒரு பக்கத் தோலில் தொங்கியது. நான் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தேன். பிறகு நடந்ததுதான் அதிசயம். ஒருவரும் வெளியே போகவில்லை. எல்லோரும் முன்னுக்கு வந்தார்கள். ஒருவர் தேநீர் மேசையிலிருந்து கோப்பி கலக்கும் மரக்குச்சி எடுத்து வந்தார். கட்டுவதற்கு எதுவும் இல்லை என்றபோது, பின் கதவடியில் நின்ற பேர்ணடெற் தன் பாட்டுப் பெட்டியின் வயரில் சுற்றியிருந்த கறுப்பு ரேப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஜனார்த்தனன் குழந்தைக்குக் கால் முறிந்ததுபோல் பக்குவமாகக் குச்சி வைத்துச் சுற்றிக் கட்டினார். அன்ரனெற் வாளியைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டாதேங்கோ, ஆட்டாதேங்கோ" என்று அவருக்கே கட்டளை போட்டாள்.

நான் சந்தர்ப்பத்தை விடவில்லை. இதைத்தான் அவர்களும் செய்தார்கள் என்றேன். இரவு குண்டு விழும், விடிவதற்குள் குழியை மூடித் தண்டவாளம் போட்டுவிடுவார்கள். போட்டவர்களில் எத்தனையோ பேர் பிடித்துக்கொண்டு வரப்பட்ட பிறநாட்டார், கூலி இல்லாத அடிமைகள். கோச்சி திரும்பவும் ஓடும். அப்படியே பல காலம் ஓடியது. கடைசி வருடத்து இலையுதிர்காலத்தில் கட்டும் கையை விட முறிக்கும் கை வேகமாகிவிட்டது. அப்போதும் தொழிற்சாலைகள் சில கிழமை வேலை செய்தன. இந்த இலைகள் இப்போதும் பச்சையாகத்தானே நிற்கின்றன? உள்ளே மிச்சம் இருக்கும் வரை நிற்கும். பிறகு ஒரே நேரத்தில் தலை தொங்கும். சுரங்க வாசலில் நிலக்கரி மலை, தொழிற்சாலையில் அடுப்பு அணைந்து கிடந்தது. முதல் குளிர்காலத்தில் கண்டதேதான், பத்து மடங்காக. "எங்கட தண்டவாளத்தையெல்லாம் சண்டையில கழட்டிப் பங்கருக்குக் கூரை போட்டு முடிஞ்சுது" என்று ஒருவர் சொன்னார். கோச்சி நின்றுபோன யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்கும் நெருப்புப் பெட்டிக்கும் நாம் பட்டதை அந்த மண்டபத்துக்கு நான் விளக்கத் தேவை இருக்கவில்லை.

பிறகு இராசமணியின் கேள்வியைச் சொன்னேன், அவள் சொன்ன மாதிரியே, 'எப்படிக்கா' என்று அந்த மட்டக்களப்புக் 'கா'வும் போட்டு. மண்டபம் சிரித்தது. கந்தப்போடி மேசையில் அடித்துச் சிரித்தார். பதிலையும் சொன்னேன். அப்போதும் பிந்தித்தான் ஓடியது. அவசியமில்லாமல் பயணம் செய்யாதே என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டும் அளவுக்கு வண்டிக்குத் தட்டுப்பாடு.

ஆனால் அந்தப் பதில் பாதிதான். மீதியைச் சொல்லாவிட்டால் நான் ஆசிரியை இல்லை. நிலக்கரிக்கே வண்டி போதாத அந்த நாட்களிலும், யூத மக்களைக் கொலைக்களத்துக்கு ஏற்றிப் போக வண்டி கண்டுபிடித்தார்கள். மாடு ஏற்றும் றெயில் பெட்டிகளிலும் ஏற்றினார்கள். றெயில்வே அதற்குக் கட்டணமும் போட்டது. மூன்றாம் வகுப்பு, போகும் வழிக்கு மட்டும். பத்து வயதுக்குக் கீழே அரை ரிக்கற், நாலு வயதுக்குக் கீழே இலவசம். கூட்டமாகப் போனால் கழிவு. காவலுக்குப் போனவனுக்கு மட்டும் போய்வர ரிக்கற்.

மடியிலிருந்த வாளிகளைப் பிடித்தபடி எல்லோரும் இருந்தார்கள். ஜனார்த்தனன்தான், குனிந்தபடியே, "அந்த ரிக்கற் எழுதின ஆளுக்கு ராவைக்கு நித்திர வந்திச்சா ரீச்சர்?" என்று கேட்டார். வந்ததாகத்தான் வாசித்தேன் என்றேன். சண்டை முடிந்தபின் பலர், நாங்கள் கோச்சி ஓட்டும் வேலையை மட்டும்தான் பார்த்தோம் என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்தக் கனத்தோடு சனத்தைத் தேநீருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கந்தப்போடி கேட்டார்: "இப்ப அந்தத் தண்டவாளத்துல என்ன போகுதுகா ரீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. என் தம்பி அந்த ஊரில்தான் இருக்கிறான், தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது, அவனுக்குத் தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

வாய்தவறி என்று எழுதியிருக்கிறேன். நீ நம்பினால் நம்பு.

கந்தப்போடி ஒலிவாங்கியைப் பறித்து, அடுத்த மாதம் ரீச்சரின் தம்பி ஜேர்மனியிலிருந்து போனில் நேரடியாகப் பேசுவார் என்று அறிவித்தார். உன்னைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. சனம் கை தட்டியது. தேநீர் வரை ஒருவரும் போகவில்லை. தேநீருக்குப் பிறகும் போகவில்லை, ஜனார்த்தனன் இலைச் சுருளுக்குத் தானே மருந்து சொல்லிக்கொண்டு நின்றார். பேர்ணடெற் என் பக்கம் வந்து, "பரவாயில்லை ரீச்சர், உங்கட தம்பி கதைச்சு முடியட்டும். அவர் கதைக்கேல்லை எண்டால் ஆடுவம்" என்றாள். கந்தப்போடியும் அதையே சொல்லிவிட்டார். ஜூன் சனிக்கிழமை உன்னுடையது. நீ வராவிட்டால் அறிவரங்கம் முடிந்தது, நான் முழங்காலோடு லைன் டான்ஸ் ஆடுவேன்.

அறிவித்தல் இன்று காலையே வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. உனக்கும் அனுப்பினேன், நீ திறக்கவில்லை. கோபிகா இம்முறை கோச்சிக்குச் சரியாக இரட்டைக் கொம்பு போட்டிருக்கிறாள், படமும் கோச்சிதான். ஆனால் 'ஹம் நகரிலிருந்து நவரட்ணம்' என்ற வரியைச் சுற்றி மாணிக்கம், மரகதம், வைரம் என்று ஒன்பது கல்லும் மின்னுகின்றன. அன்ரனெற் இப்போதே போன் எடுத்து, கல்லுக்கு விலைக்கழிவு உண்டோ என்று கேட்டுவிட்டாள். இந்த முறை நகைக்காரர் வருவார்கள் போலிருக்கிறது.

முறிந்த கன்றை ஜனார்த்தனன் திரும்ப எடுக்கவில்லை. "உடைச்ச ஆள்தான் வளர்க்கணும்" என்று என்னிடமே தந்துவிட்டார். இப்போது என் குசினி யன்னலில் கறுப்புக் கட்டோடு நிற்கிறது. காலையில் போன் எடுத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு இலை தொங்கிவிட்டது, மற்றவை நிற்கின்றன என்றேன். அவசரப்படுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள் என்றார்.

நீ பேச வேண்டாம் தம்பி. பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். போனைத் தண்டவாளத்தின் பக்கம் காட்டி, போகும் வண்டியில் இருப்பதன் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஒரு சொல். நிலாணிக்குச் சொல்கிறாயே, அந்த அளவு. மீதியை நான் இங்கே நிரப்பிக்கொள்வேன். அதுதானே என் தொழில்.

காமாட்சி அம்மன் உன்னோடு கூட நடக்கட்டும். நன்றாகச் சாப்பிடு. யன்னல் சீலையை விலக்கி விடு.

உன் வரவுக்காக ஒரு மண்டபமே கதிரை போட்டு வைத்திருக்கிறது என்பதை மறவாத,
அக்கா ரதி

பி.கு.: பயிற்சி இல்லாமல் மேடை ஏறக்கூடாது. ஆகவே நாளைப் பின்னேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போ. நடுவில் நிற்காதே. வலது கரையில், இராசமணி நிற்கும் இடத்தில் நின்று, முதல் வரும் சாமான் கோச்சிக்குள் என்ன இருக்கிறது என்று பார்.